நோட்டில் எழுதிய வயது

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஊரறிய எழுதும் தகுதி எனக்கில்லை. அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னிக்க வேண்டும்.

கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளி. அடிக்கடி நின்றுவிடும் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வரும் வேலையைத் தலைமையாசிரியை எனக்குக் கொடுத்திருந்தார். என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள். இந்த வருடப் பொதுத்தேர்வை மட்டும் எழுதிவிட்டால் போதும் என்றிருந்தேன்.

சாமை அறுப்பென்று அவள் ஒரு வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. பேசும்போது நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால்தான் வாய் திறக்கும். அன்றும் அவள் பெயர், வயது, வராத நாட்கள் என்று எழுதிக்கொண்டே பேசினேன்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவின் கை நின்றது.

"இன்னாங்க எழுதிக்கினு இருக்கீங்க?"

"சும்மாதான்க்கா."

வாசலில் நின்ற அம்மாவின் தம்பி சிரித்தான். "வயசு எழுதறது சும்மாவா? மேடம் பத்தாவது படிச்சி இன்னா ஆனாங்க? நோட்டு தூக்கினு மலை ஏறுறாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டேன். பாதி வழியில் அந்தப் பெண் பின்னால் ஓடி வந்தாள்.

"ஏன்க்கா எழுதினீங்க? பக்கத்து ஊர்ல இப்பிடித்தான் வயசு எழுதினு போனாங்க. ரெண்டாம் நாளே போலீஸ் ஜீப் வந்து மாப்பிள்ளைய ஏத்திக்கினு போச்சு. மாமாவுக்கும் எனக்கும் பேசி வச்சிருக்காங்க. பரீட்சை முடியட்டும்னு அழுது அழுது அம்மாவ ஒத்துக்க வச்சிருந்தேன்."

அதுவரை எனக்கு இது எதுவும் தெரியாது. அவளோடு திரும்பி ஓடி, அந்தத் தாளைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை.

"கிழிச்சிட்டா வூட்ட மறந்துடுவீங்களா?" என்றான் தம்பி. இப்போது அவன் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியையிடம் சொன்னால் ஜீப் வரும். பிறகு அந்த மலையில் எந்த வீடும் எனக்குக் கதவு திறக்காது. சொல்லாவிட்டால் அவள் கதை முடிந்தது. அன்று முழுக்க நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பரீட்சை வரைக்கும் அவளாகச் சம்பாதித்து வைத்திருந்த நாலு மாதத்தை நான் ஒரே மதியத்தில் இல்லாமல் செய்திருந்தேன்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவளையும் கூட்டிக்கொண்டு குடும்பமே கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டது.