கற்றாழை தடவிப் பால் மறக்கடித்தது

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. சோறு என்றால் வாயை இறுக்கிக்கொள்வாள். தாய்ப்பால் என்றால் பறந்து வருவாள். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். அதுவரைக்கும் பிள்ளை பட்டினியாகவா கிடக்கும்?

நாங்கள் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் பால் மறக்கடிக்கக் கற்றாழையைத்தான் தடவுவார்கள். எங்கள் வாசல் மணலிலும் ஒரு புதர் செழித்துக் கிடந்தது. ஒரு மடலை ஒடித்தேன். தோலைச் சீவி, உள்ளே இருந்த சோற்றை எடுத்து ஏழு தண்ணீரில் அலசினேன். மார்பில் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வந்தாள், சப்புக்கொட்டிக் குடித்தாள், ஏப்பம் விட்டாள்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த என் நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னா அண்ணி, கசப்பையெல்லாம் அலசி ஊத்திட்டு, கசக்கலனு குந்திக்கினு கீறியே! நீ கெமிஸ்ட்ரி படிச்சியா, சும்மா காலேஜுக்குப் போய்ட்டு வந்தியா?"

மானம் போயிற்று. தெரியாமலா இருக்கிறது எனக்கு? கற்றாழைச் சோறு பெரும்பாலும் வெறும் தண்ணீர். மீதியில் நீள நீளமாகக் கோத்த சர்க்கரைகளின் கொழகொழப்பு, கொஞ்சம் வைட்டமின், கொஞ்சம் தாது உப்பு. சின்னத் தீக்காயத்துக்கும் வெயில் எரிச்சலுக்கும் இதமாக இருப்பது அதுதான். கசப்பெல்லாம் தோலுக்கு அடியில் ஓடும் மஞ்சள் பாலில் இருக்கிறது. அலோயின் என்று பெயர். உள்ளே போனால் பேதியாகும். மோரில் அடித்துக் குடிக்க எத்தனையோ தடவை அலசிய கை, இப்போதும் தன் பாட்டுக்கு அலசிவிட்டது.

அந்தப் பேதி நினைப்பு என்னை விடவில்லை. கசக்கவும் வேண்டும், பிள்ளை வயிற்றுக்கு ஒன்றும் ஆகவும் கூடாது. மறுநாள் காலை, ஒடித்த மடலில் ஒழுகிய மஞ்சளை விரல்நுனியால் தொட்டு, நிறையத் தண்ணீரில் கரைத்து, முதலில் நானே நக்கிப் பார்த்தேன். அப்பப்பா, என்ன கசப்பு! அதில் ஒரு பொட்டு தடவிக்கொண்டேன்.

"கேட்டா உவ்வானு சொல்லு அண்ணி, புண்ணுனு நெனச்சுக்கும்," என்றாள் நாத்தனார்.

மகள் வாயை வைத்தாள். முகம் கோணியது. அழுவாள் என்று பயந்தேன்; அழவில்லை. நாக்கை என் புடவையில் துடைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஈரத்துணியால் அவள் வாயைத் துடைத்து, "அம்மாக்கு உவ்வாடா," என்றேன்.

உடனே என் முந்தானையை இழுத்து மார்பை மூடினாள். குனிந்து, "ஊ... ஊ..." என்று ஊதினாள். என் தங்கமே!

அன்று மத்தியானம் நாத்தனார் ஊட்ட நாலு வாய் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டாள். வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் ஓடி வந்து கேட்டாள்.

"அம்மா, உவ்வா போச்சா?"

போச்சு என்றால் மறுபடி பாலுக்கு வருவாள். எனக்கோ பால் கட்டி மார்பு விண்விண் என்று தெறித்தது. "இன்னும் போவல கண்ணு," என்றேன். ஊதிவிட்டு விளையாடப் போய்விட்டாள். தினமும் கேட்டாள், தினமும் அதையே சொன்னேன்.

ஒரு நாள் அவள் கேட்கவில்லை. மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். பிறகு நானே போய் அவள் முன்னால் உட்கார்ந்து, "கண்ணு, அம்மாக்கு இன்னும் உவ்வா," என்றேன்.