கோயிலைப் புதுப்பித்தார்கள்

நியூ ஜெர்சி நெவார்க்கில் போர்த்துக்கீசியர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு பேக்கரி உண்டு. முட்டைக் கஸ்டர்டு நிரப்பிய குட்டி டார்ட் வாங்க எப்போதாவது அங்கே போவோம். போன சனிக்கிழமை நான் வரிசையில் நிற்க, மகள் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். போர்த்துக்கீசியர் கடல்தாண்டிப் போய்க் கட்டிய மாதா கோயில்களும் கோட்டைகளும் மாதத்துக்கு ஒன்றாக இருந்தன. கோவா, மக்காவ், மொசாம்பிக், பிரேசில். எல்லாவற்றையும் பழுதுபார்த்து, சுண்ணாம்படித்து, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளைகள்போல வைத்திருந்தார்கள். டிசம்பர் வரை பார்த்துவிட்டு, "அம்மா, வேர் இஸ் அவர்ஸ்?" என்றாள். "நம்மளுது இப்ப இல்லடி" என்றேன். "ஒய்?" என்றாள். நல்லவேளை, அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

அந்தக் கடை வாசம் அப்படியே தூத்துக்குடி மக்ரூன் வாசம். அது முட்டை வெள்ளைக்கருவில் செய்வது. பறங்கியர் மஞ்சள்கருவைத் தாங்கள் வைத்துக்கொண்டு வெள்ளைக்கருவை நமக்கு விட்டுவிட்டார்கள் என்பார் என் கணவர். பக்கத்து ஊரான பார்சிப்பனியில் நாங்கள் குடியேறிய புதிதில் ஊரிலிருந்து யார் வந்தாலும் மக்ரூன் வரும். பாதி வழியிலேயே நொறுங்கிப் பொடியாகியிருக்கும். அதை ஸ்பூனால் அள்ளித் தின்போம், வெட்கமே கிடையாது. தின்னும் இடம் வில்சன் அங்கிள் வீட்டு பேஸ்மென்ட். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரை ஊரிலிருந்து முதன்முதலில் அமெரிக்கா வந்தவர் அவர்தான். ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னால் எங்கள் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடிவிடும். இட்லி, கருவாட்டுக் குழம்பு, ஊர்வம்பு. கருவாட்டு வாசத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்திருப்போம். அந்த ஜன்னல் என்கிற சொல்லும் போர்த்துக்கீசியர் தந்ததுதானாமே.

அவர் வீட்டு ஹாலில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது எங்கள் ஊர்க் கோயிலின் படம். அந்தக் கோயிலை நீங்கள் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முகப்பு படிப்படியாக ஏறி, இரண்டு பக்கமும் அலைபோல் சுருண்டு, உச்சியில் ஒரு சிலுவையில் முடியும். கடற்பாறையை வெட்டிச் சுண்ணாம்பில் பதித்த சுவர். அதன் ஜன்னல் மாடத்தில் நான் சிறுமியாக இருந்தபோது காலை நீட்டி உட்காருவேன், கால் வெளியே தெரியாது, சுவர் அவ்வளவு அகலம். போர்த்துக்கீசியர் கட்டியது என்று ஊரே சொல்லும். எந்தச் சர்க்காரும் அதை எந்தப் புராதனச் சின்னப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

ஒருநாள் ஊர்க் கமிட்டியிலிருந்து வாட்ஸப் வந்தது. "நம் கோயிலைப் புதுப்பிக்க உதவுங்கள்." அனுப்பியவர் கமிட்டிச் செயலாளர் சேவியர் அண்ணன், என் பெரியப்பா மகன். எல்லோரும் உதவினோம். நான் ஒருபடி மேலே போய், கோவாவில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவர்களைத் தேடிப் பிடித்து, சுண்ணாம்புச் சாந்தில் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக்கூடாது என்று தினமும் அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையைப் பதிலுக்கு அனுப்பினார். சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேஸ்மென்ட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது வீடியோ காலில் அண்ணன் வந்தார். அங்கே சாயங்கால வெளிச்சம். கோயில் முகப்பு அவருக்குப் பின்னால் தெரிந்தது, பக்கத்தில் மஞ்சளாக என்னவோ நின்றது.

"அண்ணே, பின்னாடி என்ன நிக்கி?"

"ஜேசிபி. நாளைக்குக் காலைல ஆரம்பிக்கோம்."

"ஜேசிபி எதுக்கு? புதுப்பிக்கோம்னுதான சொன்னிய?"

"ஆமா, புதுசாத்தான கெட்டப் போறோம். பழச வச்சிக்கிட்டு எங்க கெட்ட?"

பெயின்ட்டைச் சுரண்டி, கூரை ஓடு மாற்றுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே சொல்லை வைத்து அவர்கள் தரைமட்டமாக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இத்தனை மெசேஜில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை பாருங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மியூட் பட்டனை அழுத்திவிட்டார். என் வாயைப்பற்றி அவருக்குத் தெரியும்.

வில்சன் அங்கிள் யாரையும் பார்க்காமல் சொன்னார். "இந்தியன் பாஸ்போர்ட்ட ரென்யூ பண்ணப்போ, பழசுக்கு மூலைய வெட்டி கேன்சல்னு குத்தித் திருப்பிக் குடுத்தான். அதுவும் புதுப்பிக்கிறதுதானம்மா."

நான் மியூட்டை எடுத்துவிட்டேன். "நிப்பாட்டுங்கண்ணே. பழுதுபாக்க கோவால ஆள் இருக்கு, நான் பேசிட்டேன்."

"எப்ப வருவாவ?"

"ரெண்டு மூணு மாசத்துல வந்து பாப்பாங்க."

"மழைக்கு முன்ன முடிச்சிருவாவளா?"

அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நடந்தார். வழியெல்லாம் வாளிகள். பீடத்துக்கு மேலே கூரை பிளந்து வானம் தெரிந்தது. "நீங்க கிறிஸ்மஸுக்கு வந்து போட்டோ புடிச்சிட்டுப் போயிருவிய. நாங்க குடைக்குள்ள நின்னு பூசை பாக்கோம். போன மழைல சாந்து பேந்து விழுந்து, என் பேத்தி தலைல தையல் போட்டுக் கெடந்தா. செவுரும் உளுத்துப் போச்சுன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டான்" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "அமெரிக்கால உள்ளவிய எல்லாரும் வேண்டாம்னா சொல்லுங்க, சாமியார்ட்ட பேசி நிப்பாட்டுதேன். தங்கச்சி ஒருத்தி சொன்னா நிக்காது."

எல்லோரும் வில்சன் அங்கிளையே பார்த்தோம், அவர் சொல்தான் எங்கள் எல்லோர் சொல்லும். அந்தக் கோயிலில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அவர் வேண்டாம் என்பார் என்று சத்தியமாக நம்பினேன். ஒரு வார்த்தை போதும், அது நின்றுவிடும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளை தலைல இன்னொருக்கா விழுந்தா, நாம இங்க இருந்துக்கிட்டு என்னத்தச் சொல்ல? இடிங்கடே" என்றார். பிறகு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். இட்லியை யாரும் தொடவில்லை.

அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சில மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதற்கு மறுபேச்சு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போது அண்ணனின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூரையை முதல் நாளே இறக்கிவிட்டார்களாம். சுவர்தான் பிரச்சினையாம். "தங்கச்சி, செவுரு விழ மாட்டேங்கு. ஜேசிபி பல்லு ஒடஞ்சி போச்சு. உளுத்துப் போச்சுன்னு அந்தப் பய சொன்னானேம்மா. கல்லு இரும்பா இருக்கு." பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "பெரிய மெஷின் கொண்டாரச் சொல்லியிருக்கு." நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். கூரையை மட்டும் மாற்றினால் போதும், சுவர் இன்னும் பல தலைமுறைக்கு நின்றிருக்கும் என்று அவருக்கும் அப்போது தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் சம்மதம் சொல்லி, பெரிய மெஷினுக்கும் சொல்லிவிட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

வில்சன் அங்கிள் இப்போது டெக்சாஸில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்துபோயிற்று. நாங்கள் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் அனுப்பிக்கொள்கிறோம்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அண்ணன் புதுக் கோயிலைச் சுற்றிக் காட்டினார். டைல்ஸ், ஃபேன், விசாலமான ஹால். வெளியே நல்ல மழை, உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் பேத்தி நனையாமல் உட்கார்ந்து பாட்டுப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். பீடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணன் நின்று, விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். பொள்ளென்று கேட்டது.

"ஹாலோ பிளாக்கு" என்றார். இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். "பழசுல சத்தமே வராதுல்லா, தங்கச்சி."