ப்ரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் விரிவாகவே சொல்வார்கள். பட்டாபிராமில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருடமாக அறிவியல் நடத்துகிறேன். வீடு திருநின்றவூரில், அங்கிருந்து ரயிலில் இரண்டே ஸ்டேஷன். உட்கார இடம் பிடித்து, பையை மடியில் வைத்து, அப்பாடா என்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அதனால் அன்றைய பாடத்தைத் தயார் செய்வதும், அன்றைய திட்டுகளைத் தயார் செய்வதும் ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நடக்கிற பத்து நிமிடத்தில்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு ஸ்மார்ட் அறை உண்டு. பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து செய்து கொடுத்தது. மேசைமேல் ஒரு ப்ரொஜெக்டர், சுவரில் வெள்ளைத் திரை, ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். கெட்டுப்போய்விடும் என்ற பயத்தில் ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் உறையை ரொம்ப நாள் பிரிக்கவே இல்லை. உள்ளிருந்து வருகிற குரல் ஜலதோஷம் பிடித்தமாதிரி இருக்கும். அறையின் சாவி தலைமையாசிரியையின் கைப்பையில் இருக்கும். இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள்தான் அந்த அறைக்குப் போகும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். தமிழ் மீடியப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் நேராகத் தலைமையாசிரியையிடம் போய்ச் சண்டை போட்டேன்.

“வீடியோ எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு டீச்சர். உங்க பசங்களுக்கு என்ன புரியும்?” என்றார்.

“தமிழ்ல நான் தேடி எடுக்கறேன் மேடம். நீங்க சாவியை மட்டும் குடுங்க” என்றேன்.

புதன்கிழமை மூன்றாவது பீரியட் கிடைத்தது. நிபந்தனையோடுதான். “ஆயுத பூஜை லீவு முடிஞ்சதும் அதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வர்றார். உங்க கிளாஸைத்தான் காட்டப் போறேன். நல்லா இருந்துச்சுன்னா அந்த பீரியட் உங்களுக்கே. சொதப்பினீங்கன்னா இங்கிலீஷ் மீடியத்துக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளிடமும் இதைச் சொன்னேன். அந்த அறையில் உட்கார அவர்களுக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்கு அவர்கள் முகத்தில் தெரிந்தது.

ஜூலையிலிருந்து புதன்கிழமை தவறாமல் படம் ஓடியது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, விளக்கை அணைத்து, ஒரு தியேட்டரே நடத்தினேன். என் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: படம் ஓடும்போது மூச்! வாயைத் திறந்தால் அடுத்த புதன்கிழமை வராந்தாவில் நிற்க வேண்டும். மற்ற டீச்சர்கள் தங்கள் பிள்ளைகள் இருட்டில் கதை பேசுவதாகப் புலம்புவார்கள். என் வகுப்பில் வீடியோவை விட்டால் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி அந்த இருட்டிலும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருப்பாள். நோட்ஸ் எடுக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. தொழில்நுட்பத்தை வகுப்பில் பயன்படுத்துவது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

லீவுக்கு முந்தைய நாள் பள்ளியில் ஆயுத பூஜை. அன்றைக்கு எங்கள் பள்ளியில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. கேட், மணி, தண்ணீர் மோட்டார், தையல் மிஷின், வேதியியல் தராசு, யாரோ மறந்துவிட்டுப் போன காம்பஸ் பாக்ஸ் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஸ்மார்ட் அறையை வேறு யாரிடமும் விடாமல் நானே பார்த்துக்கொண்டேன். லேப்டாப் மூடிமேல் ஒரு பொட்டு, ஸ்பீக்கருக்கு ஆளுக்கு ஒன்று. ப்ரொஜெக்டருக்கு எங்கே வைப்பது? முகம் என்று ஒன்று இருந்தால் அங்கேதானே வைக்க வேண்டும். முன்பக்கம் உருண்டையாக, பளபளவென்று கண்ணாடி இருந்தது. அதன் நட்டநடுவில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். தலையில் ஒரு முழம் சாமந்தி. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்ததால் போட்டோ எடுத்து டீச்சர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். அந்தக் குழுவில் இயற்பியலில் முதுகலை படித்தவர்கள் மூன்று பேர், என்னையும் சேர்த்து. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

லீவு முடிந்து அதிகாரி வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் தலைமையாசிரியை. அன்றைய பாடம் குவிலென்ஸ். ஆமாம், லென்ஸ்தான். நல்லதாக ஒரு தமிழ் வீடியோ தேடி வைத்திருந்தேன். விளக்கை அணைத்து, பொத்தானை அமுக்கினேன். திரையில் படம் வந்தது, ஆனால் பனிக்காலத்து விடியற்காலை மாதிரி மங்கலாக, லேசாகச் செம்மை தட்டி. ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மேசையில் ஒரு தட்டு தட்டினேன். தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார். எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போச்சு, புதன்கிழமை போச்சு என்று நினைத்தேன்.

“மிஸ், மிஷினுக்குப் பொட்டு வெச்சிகீது மிஸ்!” என்றாள் முன்பெஞ்சுக்காரி. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன்.

“துடைக்காதீங்க மிஸ்! ஒரு நிமிஷம்!”

மூன்றாவது பெஞ்சில் எழுதிக்கொண்டே இருப்பாளே, அவள்தான். எழுந்து நின்றுவிட்டாள். என் சட்டத்தை மறந்துவிட்டாளா, பயம் விட்டுப்போயிற்றா, தெரியவில்லை. “பொட்டு நட்டநடுவுலதான கீது மிஸ்? அப்போ திரையிலயும் நடுவுல மட்டும்தான ஒரு கறுப்பு வட்டம் வுழணும்? படம் முழுசா கீது, ஆனா முழுசா மங்கலா கீது. அது எப்டி மிஸ்?”

‘உட்காரு, முதல்ல பாடத்தைப் பாரு’ என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பதினெட்டு வருடமாகக் கைகொடுத்த வாக்கியம். ஆனால் திரையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அங்கே வட்டமும் இல்லை, பொட்டும் இல்லை. ஏன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். தெரியாது என்று சொன்னால் பீரியட் போய்விடும், தெரிந்தமாதிரி எதையாவது அளந்தால் இவள் முகத்தை நாளைக்குப் பார்க்க முடியாது. ஒரு விநாடி எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

“தெரியலியே கண்ணு. பார்த்துடலாமா?” என்றேன்.

அப்புறம் நடந்ததை நான் திட்டம் போடவில்லை. லென்ஸில் பாதியை மூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாதிப் படம் போய்விடும் என்றது ஒரு கூட்டம். மேல்பாதியா கீழ்ப்பாதியா என்று அதற்குள் இரண்டு கட்சி. “தலைகீழாதான வுழும், அப்போ மேல மூடுனா கீழ போவும்டீ” என்று ஒருத்தி பெஞ்சைத் தட்டினாள். என் மனதுக்குள் நானும் பாதி போய்விடும் என்றுதான் பந்தயம் கட்டியிருந்தேன். வருகைப் பதிவேட்டின் தடித்த அட்டையை எடுத்து, கண்ணாடியின் மேல்பாதியை மறைத்தேன்.

படம் முழுசாக அப்படியே நின்றது. கொஞ்சம் இருண்டது, அவ்வளவுதான்.

வகுப்பில் எழுந்த சத்தம் எதிர் கட்டடத்துக்குக் கேட்டிருக்கும். கீழ்ப்பாதியை மறைத்தேன், அப்போதும் முழுப் படம். பிள்ளைகள் பெஞ்சை விட்டு வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். “நான் ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டுமா?” என்று ஒரு ஆண்குரல். பார்த்தால் அதிகாரி, பேனாவைப் பையில் சொருகிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறார். அட்டையை அவரிடம் கொடுத்தேன். இடது பக்கம் மறைத்தார், வலது பக்கம் மறைத்தார், குழந்தைபோலச் சிரித்தார்.

விளக்கைப் போடச் சொல்லிக் கரும்பலகைக்குப் போனேன். லென்ஸ் படம் வரையும்போது பொருளின் உச்சியிலிருந்து இரண்டே இரண்டு கதிர் போடுவது எங்கள் வழக்கம். தேர்வில் அதற்குத்தான் மதிப்பெண். இரண்டு கோடு போட்டுப் போட்டு, ஒளியே இரண்டு கோடாகத்தான் போகிறது என்பதுபோல எனக்கே பழகிப்போயிருந்தது. “இன்னும் போடுங்க மிஸ்” என்றாள் அவள். போட்டேன். மூன்று, நான்கு, பத்து. லென்ஸ் பூராவும் கோடு. எல்லாம் போய் ஒரே புள்ளியில் சேர்ந்தன. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் லென்ஸின் எல்லா இடத்திலிருந்தும் ஒளி வருகிறது. நடுவில் கொஞ்சத்தை மறைத்தால் எல்லாப் புள்ளிக்கும் கொஞ்சம் குறைகிறது. மிச்சமாகப் படம் முழுக்கப் படர்ந்த அந்தப் புகைமூட்டம், சந்தனம் சிதறடித்த வெளிச்சம். பலகைக்கு முன்னால் நின்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, சுண்ணக்கட்டியோடு குதிக்காத குறை.

மணி அடித்துவிட்டது. வீடியோ ஓடவே இல்லை.

“பாடக்குறிப்புல வீடியோ பாடம்னு எழுதியிருக்கே?” என்றார் அதிகாரி.

“மறந்துட்டேன் சார்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பார்வைப் பதிவேட்டில் என்னவோ எழுதினார்.

வராந்தாவில் தலைமையாசிரியை என் கையைப் பிடித்து நிறுத்தினார். “புதன்கிழமை உங்களுக்குத்தான் டீச்சர். ஆனா லென்ஸ்ல போய் யாராவது பொட்டு வைப்பாங்களா?”

“நீங்களும்தானே மேடம் அந்தப் போட்டோவுக்குக் கும்பிடு போட்டீங்க” என்றேன். அறைச் சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

அறையைப் பூட்டும்போது அவள் மட்டும் ஜன்னலில் கட்டிய கறுப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உற்சாகத்தில் தோளில் தட்டி, “இவ்ளோ அழகா கேக்கறியே, இத்தனை நாளா ஏண்டி ஒண்ணுமே கேக்கலை?” என்றேன்.

“நீங்கதான மிஸ், படம் ஓடசொல்ல பேசக்கூடாதுன்னீங்க. அதான் எழுதி வெச்சிகினேன்.”

நோட்டைக் கொடுத்தாள். நான் நோட்ஸ் என்று நினைத்துப் பெருமைப்பட்ட நோட்டு. அவ்வளவும் கேள்விகள். இருட்டில் எழுதியதால் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி, எழுத்துமேல் எழுத்து விழுந்து கிடந்தது. ‘இதயம் எப்போ ரெஸ்ட் எடுக்கும்’ என்பதைப் படிக்க முடிந்தது. ‘ராக்கெட் உள்ள தண்ணி ஊத்துனா’ என்பதற்குப் பிறகு படிக்க முடியவில்லை. ஜூலையிலிருந்து ஒரு புதன்கிழமைகூட விட்டுப்போகவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதை அவளிடமே சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து விளக்கு எரியும், ஒவ்வொன்றாகக் கேள், எல்லாவற்றையும் பார்ப்போம், இதோ இதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று பக்கம் நிறைய இருந்த ஒரு பெரிய கேள்வியைக் காட்டிப் படிக்கச் சொன்னேன்.

அவள் நோட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னா எழுதனேன்னு எனக்கே தெரியல மிஸ்” என்றாள்.