பத்து முத்திரை, ஒரு சூப் இலவசம்

எங்கள் கடை கொல்லிமலையில் பேருந்து நின்று திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு, அவ்வளவுதான். மலைமேலேயே திருப்புலி நாடு என்கிற பகுதியில் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளியும் மிளகுக் கொடிகளும் உண்டு. அதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். கடை என்னுடைய பொறுப்பு. மதியத்துக்குச் சாமைச் சோறு, நாள் முழுக்க முடவாட்டுக்கால் கிழங்கு சூப்.

மலையேறி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சூப்பைத்தான் கேட்பார்கள். பாறை இடுக்கில் வளரும் கிழங்கு அது. பழுப்பு ரோமத்தோடு பார்ப்பதற்கு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, நறுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை சாலை வரைக்கும் போகும். ஆனால் அதே வாசனை அந்தச் சாலையில் வரிசையாக இருக்கும் எல்லாக் கடையிலிருந்தும் வரும். என் கடை வரிசையின் கடைசி. வண்டிகள் எல்லாம் எனக்கு முன்னாலேயே நின்றுவிடும்.

முதலில், சூப் வாங்கினால் ஒரு சின்ன டம்ளர் தினைப் பாயசம் இலவசம் என்று எழுதி வைத்தேன். பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. அப்புறம் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றேன். எப்படியும் மூன்று வாங்கியிருக்கக்கூடிய குடும்பங்கள் இரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயின. கடைசியில் நாமக்கல்லில் நோட்டீஸ் அடிக்கிற அச்சகக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"வந்தவங்க திரும்பி வரோணும்னா கையில எதாச்சும் குடுத்து அனுப்போணுங்க்கா. கார்டு போடுங்க. பத்துச் சூப் குடிச்சா பதினொண்ணாவது சும்மா."

கெட்டியான வெளிர்பச்சை அட்டையில் பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு சூப்புக்கும் ஒரு கட்டத்தில் இலை வடிவ முத்திரை. யாரும் தாங்களாகவே குத்திக்கொள்ளக் கூடாது என்று, முத்திரைக்குப் பக்கத்தில் பேனாவால் தேதி போட்டு என் முதலெழுத்தையும் எழுதினேன். அட்டையின் தலையில் என்ன போடலாம் என்று அவர் கேட்டபோது யோசிக்கவே இல்லை. "மூட்டு வலி நீங்க" என்று போடச் சொன்னேன். எல்லாக் கடையிலும் வாயால் சொல்வதுதான், நான் அச்சடித்தேன்.

கார்டு பிடித்துக்கொண்டது. பத்துப் பதினோரு பேராக வேனில் வந்தவர்கள் ஒரே கார்டை ஒரே நாளில் நிரப்பி, இலவசச் சூப்பை யார் குடிப்பது என்று சிரித்தபடி சண்டை போட்டார்கள். விடுதி கட்டும் வேலைக்கு வந்த ஆட்கள் சட்டைப்பையில் கார்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்கிறவர்களுக்காக இன்னொரு பெஞ்சு போட்டோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அக்கா வந்தார். அடிவாரத்து ஊர்க்காரர், கட்டட வேலையில் சித்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. பேருந்திலிருந்து இறங்கி என் கடை வரை வருவதற்குள் இரண்டு முறை நின்றார். கூட வேலை செய்கிற கொத்தனார் கார்டைக் காட்டியிருக்கிறார். சூப்பைக் குடித்துவிட்டு, முத்திரை குத்திய அட்டையை ஊதிக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். ஒரு சூப்புக்காக மலைப்பாதையில் எழுபது கொண்டையூசி வளைவு ஏறி, எழுபது வளைவு இறங்குவார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. வாடிக்கையாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

நான்காவது வாரம் கடை நிறையக் கூட்டம். ஒரு வேனே வந்து நின்றிருந்தது. அக்கா கார்டை நீட்டினார்.

"இதோட நாலு முடிஞ்சுது. இன்னும் ஆறு. அப்புறம் ஒண்ணு சும்மா தருவீங்கல்ல கண்ணு, அது கடைசி மருந்துங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னங்க்கா?" என்றேன்.

"ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான் கார்டு குடுத்திருக்காங்க. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. இது ஓடுறப்ப அது வேண்டாம்னு அந்த மாத்திரைய நிறுத்திப்புட்டேன். ரெண்டு மருந்து ஒண்ணா உள்ள போனா ஒத்துக்காதுங்களே."

கையில் முத்திரையோடு நின்றேன். வேனில் வந்த அம்மாள் ஒருவர் ஆர்வமாகத் திரும்பி, "உங்களுக்கு வலி குறைஞ்சிருக்குங்களா?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "பரவாயில்லீங்க" என்றார். உடனே அந்த அம்மாள் தனக்கு ஒரு கார்டு கேட்டார், அவருடைய தங்கையும் கேட்டார்.

இது மருந்து இல்லை, வெறும் சூப், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு. கூட்டம் போனதும் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். கூட்டம் போவதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது. நான்காவது கட்டத்தில் முத்திரையைக் குத்தி, தேதி போட்டு, எழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அவரே முந்திக்கொண்டு, "வேலை செய்யறப்ப வலிக்குது, ஆனா மருந்து உள்ள போகப்போக முதல்ல வலி கூடுமாமே, அப்புறந்தானே எறங்கும்" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழாவது வாரம் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துத்தான் தூக்கினார். ஒன்பதாவது வாரம் கண்டக்டர் கைகொடுத்து இறக்கிவிட்டார். ஒவ்வொரு வாரமும் நான் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் முத்திரை குத்தினேன். இத்தனை வாரம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்பதே ஒரு காரணமாகிவிட்டது.

பதினொன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. அவருடைய மகள் வந்தாள். இருபது வயது இருக்கும், ஈரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள், அம்மாவைப் பார்க்க லீவு போட்டு வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குப்போசியும் நிரம்பிய கார்டும்.

"அம்மாவால எந்திரிக்க முடியலீங்க. அந்தச் சும்மா தர்றத வாங்கிட்டு வரச் சொல்லுச்சு."

தூக்குப்போசி தளும்ப ஊற்றினேன். அது ஒரு டம்ளர் கணக்கு அல்ல, நாலு டம்ளர் இருக்கும்.

"சூடாக் குடிக்கோணுமுங்களா, ஆறுனாலும் கேக்குமுங்களா?" என்றாள்.

"சூடு பண்ணிக் குடு கண்ணு" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். அவள் பேருந்து ஏறி, போசியை மடியில் வைத்து மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தது ஜன்னலில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கீழே போனேன். ஊரைக் கேட்டு, வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அக்கா பாயில் படுத்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மகளிடம் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"கார்டு முடிஞ்சுதுங்க கண்ணு. அடுத்தது ஒண்ணு குடுத்தனுப்புங்க."

"வேண்டாங்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வாரேன்" என்றேன். ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனோம்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பழைய சீட்டைக் கேட்டார். அக்கா பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று ஆஸ்பத்திரி அட்டை, மற்றது என் அட்டை. டாக்டர் பச்சை அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது சூப்புக் கடை கார்டு அம்மா. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "யாருமில்லீங்க சார். நானாத்தான் நிறுத்துனேன்."

டாக்டர் அவரைத் திட்டினார். இது மூட்டை உள்ளுக்குள்ளேயே அரிக்கிற வாதம், மாத்திரைதான் அதைப் பிடித்துவைத்திருந்தது, நிறுத்திய நாட்களில் அரித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எனக்கு விழ வேண்டிய திட்டு அது. "நான்தாங்க அந்தக் கடைக்காரி" என்று சொன்னேன். டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது வாரமே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். மகள் எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"வேனுல வந்தவங்க கேட்டப்ப நானும் பொய்தானே சொன்னேன்" என்றார் அக்கா. "உங்க ஏவாரம் கெடக் கூடாதுன்னுதான் சொன்னேன். அன்னைக்கு எனக்கு வலி கூடிப்போய்த்தான் இருந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மாத்திரை திரும்ப ஆரம்பித்ததும் வீக்கம் வடிந்தது. இப்போது நடக்கிறார். ஆனால் வலது மணிக்கட்டு மடங்கியபடியே நின்றுவிட்டது, சாந்துச் சட்டியைப் பிடிக்க முடியாது. சித்தாள் வேலை அதோடு போயிற்று. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் தட்டில் நெல்லிக்காயும் கொய்யாவும் வைத்து விற்கிறார். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து, பக்கத்திலேயே ஒரு தையல்கடையில் சேர்ந்திருக்கிறாள்.

மீதியிருந்த கார்டுகளை அடுப்பில் போட்டேன். வெளியே போயிருந்த கார்டுகளை என்ன செய்ய முடியும்? கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம், கட்டம் நிரம்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சூப்பைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொண்டேன். வேனில் வந்த அந்த அம்மாளும் தங்கையும் மட்டும் திரும்ப வரவே இல்லை. அவர்களுக்கு என்ன வலி, என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

மாதம் ஒருமுறை, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் இறங்கிப் போகிறேன். அவர் கண்ணு என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார். மகள் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் வழிவிட்டு நிற்பாள். போன தடவை மகளுக்கென்று சாமைச் சோற்றை இலையில் கட்டிக்கொண்டு போய் வைத்தேன். நாங்கள் திரும்பி வந்தபோது, வைத்த இடத்திலேயே இலை பிரிக்காமல் இருந்தது.