உயரம் பத்தாது என்று நான் சொன்ன பொய்

1

வலையோரம் எகிறித் தடுத்த எங்கள் பிளாக்கில் பட்ட பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் ஒரு பாயிண்ட் போயிருக்கும், அவ்வளவுதான். என் மகள் ஷெரின் அதன் பின்னால் பாய்ந்தாள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் வாலிபால் மேட்ச், சாயங்கால வெயில். அவள் கையில் பட்ட பந்து எழும்பி, புழுதி வெளிச்சத்தில் சத்தமே இல்லாமல் மிதந்தது. கோச்சான நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது இறங்கவே வேண்டாம் என்று தோன்றியது. கண்ணைத் தாழ்த்தியபோது, ஸ்கோரர் மேசையில் மோதி அவள் அசையாமல் கிடந்தாள்.

2

நான் பதினெட்டு வருடமாகப் பி.டி. டீச்சர். ஷெரின் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். வலையோரம் எகிறிப் பந்தை அடிக்கும் ஸ்பைக்கராக இருந்தவள். போன வருடம் அடித்துவிட்டு இறங்கும்போது முழங்கால் திரும்பிக்கொண்டது. கால் சரியான பிறகும் அவள் குதிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. லிபரோவாக மாற்றினேன். லிபரோவுக்குத் தனி நிறச் சட்டை. பின்வரிசையில் மட்டும் நிற்க வேண்டும், பிளாக் போடக் கூடாது. எதிராளி அடிப்பதைத் தரை தொடாமல் எடுத்துக் கொடுப்பதே வேலை. குதிக்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

“அடிக்கிறவளப் போயி பொறுக்க விடுறீங்களே மிஸ்” என்றாள், அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் முத்துமாரி.

“அவளுக்கு ஒயரம் பத்தாதுடி” என்றேன். ஷெரினும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, விளாங்குடி வரை பஸ்ஸில் அவள் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

3

கண் திறந்ததும் கேட்டாள்: “பந்து மேல வந்துச்சாம்மா?”

“வந்துச்சு. அசையாத.”

“பாயிண்ட்டு?”

“யாருக்கும் இல்லடி. நீ அடிபட்டதுனால மறுக்கா ஆடணுமாம்” என்றாள் முத்துமாரி, அழுதுகொண்டே. “நீ மேசையோட வெளாண்டது போதும், பேசாமப் படு.”

ஆஸ்பத்திரியில் தாடையில் நான்கு தையல் போட்டார்கள். தலைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். 

“விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? எதுக்கு அம்புட்டு தூரம் பாஞ்ச?” என்று கேட்டேன்.

“ஒயரந்தேன் பத்தாதுன்னுட்டீங்க. இதையாச்சும் விடக் கூடாதுன்னு நெனச்சேன்.”

அப்போதுதான் சொன்னேன், உயரத்தில் ஒரு குறையும் இல்லை, பயம் எனக்குத்தான் என்று. அவள் தாடைக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “எனக்கும் பயந்தாம்மா. ஆனா அடிக்கணும்” என்றாள்.

தையல் பிரித்து, டாக்டர் சரி என்ற பிறகு, வலையோரம் ஸ்பைக்கர் நிற்கும் நான்காம் இடத்தில் அவளே போய் நின்றாள். நான் தடுக்கவில்லை. புதிதாக வரும் பி.டி. டீச்சர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரு பிள்ளையின் இடத்தை மாற்றினால் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பொய்யைச் சொன்னால், அதைப் பொய்யாக்க அவள் தன் உடம்பைத்தான் கொடுப்பாள்.