அழாத பிள்ளையின் அம்மா

அந்தச் சந்தில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் ஆண்களுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இராத்திரி வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பிற்பகல் மூன்றுக்குத்தான் எழுந்திருப்பார்கள். அதுவரை யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே வாயை மூடப் பழகிவிடும். அழுதால் அம்மாவின் உள்ளங்கை வந்து வாயைப் பொத்தும்.

மூன்றாம் வீட்டு அடுப்புக்காரரின் மனைவி இதில் கெட்டிக்காரி. அவளுடைய ஐந்து வயது மகளுக்குச் சந்தே வைத்த பேர் பஞ்சு. பக்கத்து வீட்டுக்காரி தன் மகனைத் திட்டுவதே அவளைக் காட்டித்தான்.

"அவ இருக்கிற எடம் தெரியுதாடா? நீயும் வந்து பொறந்திருக்கியே, லாரி ஹாரன் மாதிரி."

கேட்கக் கேட்கப் பஞ்சுவின் அம்மாவுக்கு உச்சி குளிரும். கதவிடுக்கில் விரல் நசுங்கியபோது மகள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததை மூன்று மாதம் சொல்லித் திரிந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஞ்சு சாப்பிடவில்லை. முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு சுருண்டிருந்தாள். உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் எண்பது பேர். டாக்டரம்மா வயிற்றின் வலப்பக்கத்தை அமுக்கினார்.

"வலிக்குதா பாப்பா?"

பஞ்சு இல்லையென்று தலையாட்டினாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"எம்பொண்ணு அழவே மாட்டா டாக்டர்" என்றாள் அம்மா. பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்து எழுதினார்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு அம்மா குழாயடியிலிருந்து திரும்பியபோது, பஞ்சு சத்தம் கேட்காமலிருக்கத் தன் பாவாடைக்குள்ளேயே வாந்தி எடுத்திருந்தாள். திரைக்குப் பின்னால் அப்பாவின் குறட்டை. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மகளின் முகத்தைத் துடைத்து மடியில் போட்டுக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது குடல்வால் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை.

"உள்ள சீழ் இருக்கலாம். எங்க வலிக்குது, எப்பக் கூடுதுன்னு அவதான் சொல்லணும். வாயத் தொறக்க வைங்கம்மா" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

பஞ்சு போர்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சா அழுடா கண்ணு. சத்தமா அழு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பஞ்சு பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். அங்கே யாரோ ஒரு குழந்தையின் அப்பா கட்டில் காலில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்.

"மாமா தூங்குறாங்கம்மா" என்றாள், காற்றை மட்டும் விட்டு.

அம்மா எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் திடுக்கிட்டு எழுந்தார்.

"முழிச்சிட்டாரு பாரு. இப்பச் சொல்லுடி, எங்க வலிக்குது?"

பஞ்சு அம்மாவையே பயந்து பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.