இடி இடித்தபோது அகப்பட்ட பிழை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசியில் துலா மழை வெளுத்து வாங்கிய நாட்களில் நடந்தது இது. கேரள எல்லையோரம் ஆரியங்கோட்டில் எங்கள் வீட்டிலிருந்தபடியே நான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, நாலு வருடம் கழித்துத் தனியாக எடுத்த முதல் வேலை அது. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, நிறைய உதறலும் இருந்தது.

பெருங்கடவிளைப் பக்கம், ஒரு தேவாலயத்தை ஒட்டிய அறையில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சிறு குழு ஒன்று உண்டு. அதை நடத்தும் நர்ஸ் சிஸ்டருக்கு, நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்ள ஒரு ப்ரோகிராம் செய்து கொடுத்தேன். ஒருவருக்கு மூத்திரக் குழாய் மாற்றும் தேதி வேண்டும், இன்னொருவருக்குக் காற்று மெத்தை. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், வேண்டிய தலைப்பை சிஸ்டரே சேர்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். அடித்ததை டேட்டாபேஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓ.ஆர்.எம். என்கிற லைப்ரரியின் வேலை. எந்த விவரம் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும்.

மூன்றாம் வாரம் சிஸ்டர் போன் செய்தார்.

"மக்கா, நான் புதுசா அடிச்சு வச்ச தேதி ஒண்ணும் இதுல இல்ல கேட்டியா. சேவ் ஆச்சுண்ணு காட்டுது, பொறவு திறந்தா வெறுமையா கெடக்கு. நோட்டைப் பாத்ததினால தப்பிச்சேன், இல்லேண்ணா டியூப் மாத்த வேண்டிய ஒரு ஆளு விட்டுப் போயிருக்கும். வெள்ளிக்குள்ள சரியாகல்லேண்ணா எனக்கு நோட்டே போதும்."

அந்த முகம் தெரியாத ஆளை நினைத்து உடனே கிளம்பிப் போனேன். டேட்டாவை நகலெடுத்து வந்து வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். சிஸ்டர் சொன்ன அதே தேதி சட்டமாக உட்கார்ந்தது. காலையில் நானும் ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டு, ப்ரோகிராமை வரி வரியாகப் படிப்பேன். மத்தியானம் இடி தொடங்கிவிடும். "மக்கா, இடி முழங்குது, எல்லாத்தையும் ஊரிப் போடு" என்று மாமியாரின் குரல் அடுக்களையிலிருந்து வரும். முன்பு ஒரு இடியில் டிவி போன வீடு எங்களுடையது. பிரிட்ஜ், இணைய வயர், என் பழைய கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். மழை விட்டதும் மறுபடி போட்டு எழுதிப் பார்ப்பேன். குறையே இருக்காது. மூன்று நாள் இதே கதை. "என் வீட்டில் ஓடுகிறதே, நீங்கள் சேவ் அழுத்தியிருக்க மாட்டீர்கள்" என்று சிஸ்டரிடம் சொல்லியும்விட்டேன். அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மறுபடி போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் சேவ் பட்டனை அழுத்தத்தான் செய்தார். தேதி காணாமல்தான் போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே இடி இறங்கியது. என் கை தானாக பிளக்கைப் பிடுங்கப் போனது.

"அதை ஊராண்டாம் மக்கா" என்றார் சிஸ்டர். "சர்ச்சுக்க மேல இடிதாங்கி உண்டு, இங்க இன்வெர்ட்டர் உண்டு. நீ கொண்டு வச்ச நாள் தொட்டு இதை நிறுத்தினதே இல்லயாக்கும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. இங்கே நிறுத்தினதே இல்லை. என் வீட்டிலோ அது தினமும் நின்று, தினமும் புதிதாகத் தொடங்கியது. அந்த லைப்ரரி தன் பட்டியலை, ப்ரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் எழுதிக்கொள்கிறது. அதற்குப் பிறகு சிஸ்டர் சேர்த்த தலைப்புகள் அதற்குத் தெரியாது. தெரியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, சேவ் ஆச்சு என்று வேறு சொல்கிறது.

ப்ரோகிராமை நிறுத்தித் தொடங்கி, அதே தேதியை அடித்தோம். இருந்தது. நிறுத்தாமல் இன்னொரு தலைப்பைச் சேர்த்து அதில் ஏதோ அடித்தேன். போயே போய்விட்டது. ஒன்று காணாமல் போனதற்காக நான் கைதட்டியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். புதுத் தலைப்பு வந்தால் பட்டியலை அப்போதே திருப்பி எழுத வேண்டும். இடம் தெரியாத விவரம் வந்தால் சேவ் ஆச்சு என்று சொல்லவே கூடாது. மழை விடுவதற்குள் வேலை முடிந்தது.

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மலையாளத்தில் தானே ஒரு தலைப்பை அடித்தார்: 'பட்டி கடிக்குமோ'. பட்டி என்றால் எங்கள் பக்கம் நாய். வீடு வீடாக ஏறி இறங்குகிறவருக்கு அதுவும் தெரிய வேண்டும்தானே. டியூப் மாற்ற வேண்டிய அந்த ஆளின் பெயருக்கு நேரே 'கடிக்கும்' என்று அடித்து, அடுத்த தேதியையும் போட்டு, மூடித் திறந்தார். இரண்டும் இருந்தன. நம்பாமல் மறுபடி மூடித் திறந்தார். அப்போதும் இருந்தன.

"இனி நோட்டு உள்ள கெடக்கட்டு" என்று அதை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். சேவ் அழுத்தவில்லை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது போட்டு மக்கா, விட்டுத்தள்ளு" என்று சிரித்தார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இன்றும் இடி முழங்கினால் மாமியார் சொல்வதற்கு முன்பே நான்தான் பிளக்கைப் பிடுங்குகிறேன்; ஆனால் யாராவது ப்ரோகிராம் ஓடவில்லை என்று சொன்னால், 'என் வீட்டில் ஓடுகிறதே' என்று பதில் சொல்வதை விட்டு, அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.